சவிரிமுத்து அண்ணனின் நாலாவது சுருள்

பல நாள் ஆலோசனைக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் உடுப்பு அலுமாரியின் மேல் தட்டில் இருந்த ஒரு தகர டப்பாவைக் கீழ்த் தட்டுக்கு மாற்றுவது என்று தீர்மானித்தேன். சாதக பாதகங்கள் எல்லாம் எடைபோடப்பட்டன. மேல் தட்டில் என் சட்டைகள் இருந்தன. டப்பாவிலிருந்து வந்த புளித்த வாடை அவற்றில் ஏறி, பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் தேடத் தொடங்கியிருந்தார்கள். கீழ்த் தட்டு, செருப்புக்கென்று செய்த குட்டையான தட்டு. அதில் நான் பத்திரிகைக்கு எழுதிய பழைய பத்திகள்தான் கிடந்தன. வாடையால் அவற்றுக்குப் பெரிய நட்டமில்லை. பத்திகளை அகற்றி, தூசி தட்டி, டப்பாவை இறக்கி வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு பொறுப்பை முடித்த மனிதனாகத் தேநீரோடு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது.

“அங்கிள், ஸ்டெலா. அப்பா விடியப்புறம் போயிட்டார். களுபோவில ஆஸ்பத்திரியிலதான். நித்திரையிலயே.”

நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அலுமாரிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன் என்பது நினைவிருக்கிறது.

சவிரிமுத்து அண்ணனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவருடைய மகள் ஸ்டெலா என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். கொட்டாஞ்சேனையில் பங்குக் கோவில் பக்கத்து மண்டபத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை மூன்றரை மணிக் காட்சிக்கு வந்து, சாக்குக் கட்டிய ஜன்னல்களுக்குள் வியர்த்திருந்த உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். சவிரிமுத்து அண்ணனை உங்களுக்குத் தெரியும். என்னைத் தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக்கர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைத் தாளில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வைப்பது வேலை. என்னைவிட மூன்று வயது மூத்தவர். அந்த வேலையில் முப்பது வருடம் இருந்ததால் அவருக்கு ஒரு மதம் உண்டாகியிருந்தது. ஞாயிறு காலை போய்வந்த மதத்தைச் சொல்லவில்லை. “இறங்கின சாமான் காணாமப் போறதில்ல ஐசே,” என்பார். “எங்க வச்சதெண்டு ஆக்கள் மறந்திருப்பாங்க. அவ்வளவுதான்.”

கப்பல்களில் மாலுமிகளுக்கென்று படம் போடுவார்கள். கணக்கு முடித்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்து பார்த்தே, அவர் அந்தப் பழைய அமெரிக்கப் படங்களின் பைத்தியமானார். அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வீடளவு வளரும் பூச்சிகள், கண்ணாடிச் சாடிக்குள்ளிருந்து கட்டளையிடும் மூளை, நூலில் தொங்கி ஆடிவரும் பறக்கும் தட்டு, முதுகில் உடுப்பின் சிப் தெரியும் சதுப்பு நில மனிதன். அரைக்காசுச் செலவில், பத்து நாளில் எடுத்து முடித்த படங்கள். “நூல் தெரியுதே,” என்று நான் ஒருமுறை சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. “தெரியட்டும் ஐசே. நூல் தெரியிறவன் நல்லவன். நூலை மறைக்கிறவனைத்தான் பயப்பட வேணும்.”

அவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு படம். உடைக்கப் போன ஒரு கப்பலின் சமையல் தலைவர் நாலு டப்பாக்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். தலைப்பு வரும் துண்டு அறுந்துபோனதால் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. நாமெல்லாம் மட்டத்தேள் படம் என்றோம். பாலைவனத்தில் ஒரு சிற்றூர். ரயில் நீளத்துக்கு வளர்ந்த, பூரான் போல நூறு காலுள்ள ஒரு மட்டத்தேள். பைப் புகைக்கும் விஞ்ஞானி, அலறுவதைத் தவிர வேறு பொறுப்பில்லாத அவருடைய மகள், எதையும் நம்பாத ஊர்ப் பொலிஸ் அதிகாரி. மட்டத்தேளின் உடம்பு லொறி டயர்களால் செய்யப்பட்டது. மூன்றாவது சுருளில் டயரின் பூக்கள், அந்த வெட்டுக் கோடுகள், தெளிவாகத் தெரியும்.

கோவிலின் பழைய புரொஜெக்டரில் ஒலி வேலை செய்யாததால், திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாக் குரலும் அவரே கொடுத்தார். விஞ்ஞானி, யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார் போலக் கதைப்பார். பொலிஸ்காரர் பாதி சிங்களத்தில், “மல்லி, ஐடென்டிடி எங்க?” என்று மட்டத்தேளைத் தம்பியாக்கி, அதனிடமே அடையாள அட்டை கேட்பார். மகளின் அலறல்களின்போது மட்டும் அண்ணன் வாயை மூடிக்கொள்வார். “அதை ஆக்கள் தாங்களே போட்டுக்கொள்ளுவாங்க. எல்லாருக்கும் பழக்கம்.”

நான் அந்தக் காட்சிகளுக்கு வரத் தொடங்கிய மாதத்தில் நாலாவது சுருளின் ஓரத் துளைகள் கிழிந்துவிட்டிருந்தன. படத்தின் முடிவு வெள்ளைக் கோடுகளாகத் துள்ளியது. மட்டத்தேள் எப்படிச் செத்தது என்பதை நான் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் படச்சுருள் ஒட்டும் கருவி இருக்கிறது, என் லொட்ஜிலிருந்து ஐந்து நிமிடம், நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

அவர் உடனே ஒப்படைப்புத் துண்டு எழுதினார். ‘வட்டத் தகர டப்பா ஒன்று. உள்ளே படச்சுருள் ஒன்று. மூடியில் ஒரு நசுங்கல். பழுதுபார்க்க ஒப்படைக்கப்பட்டது.’ நான் கையெழுத்து வைத்தேன். “இதென்ன அண்ணன், என்னை நம்பேல்லையா?” என்று கேட்டேன். “உம்மை நம்புறதாலதான் துண்டு. நம்பாத ஆளுக்கு நான் சாமானே குடுக்க மாட்டன்.”

ஸ்டூடியோவுக்கு ஐந்து நிமிடம் என்று சொன்னேன். நாலு வாரமாக நான் போகவில்லை. மழை பெய்தது. பத்தி எழுத வேண்டியிருந்தது. காலி வீதியைக் கடக்கவும் வேண்டியிருந்தது. அந்த யுத்த ஆண்டுகளில் நான் ஞாயிறு தோறும் ஒரு பத்திரிகையில், அமைச்சர்களும் கட்சித் தலைவர்களும் சொல்லும் பொய்களைக் கண்டித்து எழுதிக்கொண்டிருந்தேன். அது நேரமெடுக்கும் வேலை.

நாலாவது வார வியாழன் காலையில் இராணுவத்தினர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வட்டமான, கனமான, இறுக மூடிய ஒரு உலோகப் பொருள் ஒரு தமிழனின் கட்டிலுக்குக் கீழே. நான் அதைத் தூக்கிக்கொண்டு லொட்ஜின் குசினிக்கு ஓடி அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்தேன். இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் கேட்டுக் குடித்து, ‘ஸ்துதி’ என்று நன்றி சொல்லிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எதையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் அண்ணன் கேட்டார். “எங்க ஐசே நாலாவது?”

சோம்பலால் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் இரண்டு வசை சொல்லி, பிளேன்டீ வாங்கித் தந்திருப்பார். நான் சொன்னேன்: “வியாழக்கிழமை செக்கிங் வந்தது அண்ணன். ஆமி கொண்டு போயிட்டாங்கள்.”

அந்தக் காலத்தில் அந்த ஒரு வசனம் போதும். வேலைக்குப் பிந்தியவனுக்கும், கல்யாணத்துக்குப் போகாதவனுக்கும், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவனுக்கும் அது உதவியது. யாரும் மேலே கேட்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஆயிரம் பேருக்கு உண்மையாக நடந்த ஒன்றை, அது நடக்காத நான் இரவல் வாங்கிக்கொண்டேன். என் திட்டம் எளிமையானது: அந்த வாரமே சுருளை ஒட்டுவித்து, திருப்பித் தந்துவிட்டார்கள் என்று சொல்லிக் கொண்டுபோய்க் கொடுப்பது.

ஆனால் அவர் தலையை ஆட்டவில்லை.

“துண்டு தந்தாங்களா?”

“இல்லை அண்ணன்.”

“துண்டு இல்லாம எப்பிடி எடுக்கிறது? அது அவங்களுக்கும் கரைச்சல்தானே. மேல கணக்குக் காட்ட வேணும்.” அவர் முகத்தில் கோபமில்லை. நடைமுறை தெரியாத ஒரு புதிய கிளாக்கர் மேல் வரும் அக்கறை மாதிரி ஒன்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் காலி வீதியைக் கடந்தேன். ஸ்டூடியோக்காரர் நாற்பது நிமிடத்தில் சுருளை ஒட்டித் தந்தார். புதன்கிழமை அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஸ்டெலா. அப்போது வங்கியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை.

அண்ணன் திங்கட்கிழமையே லீவு போட்டுவிட்டு, நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைக்குப் போயிருக்கிறார். தெரிந்த ஒரு வக்கீலைப் பிடித்து, தன் நண்பர் ஒருவரின் பொறுப்பில் இருந்த படச்சுருளை இராணுவத்தினர் துண்டு கொடுக்காமல் எடுத்துச் சென்றார்கள் என்று சத்தியக் கடதாசி முடித்து, அதை ஒரு பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கொழும்பில் அந்த வருடங்களில், ஒரு தமிழர் தானாக நடந்து பொலிஸுக்குப் போய், ஆமி மேல் முறைப்பாடு எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீதும் கேட்டிருக்கிறார்.

“உள்ள வச்சிட்டாங்க அங்கிள். அந்த நண்பர் ஆரெண்டு கேக்கிறாங்களாம். அப்பா சொல்லுறாரில்லையாம்.” பிறகு அவர் என் கையைப் பார்த்தார். “என்ன பை அது?”

“புத்தகம்,” என்றேன்.

அந்தப் பையோடு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். பஸ்ஸில் ஒரு முடிவுக்கும் வந்தேன். இப்போது டப்பா வெளியே வந்தால் அண்ணன் பொய்ச் சத்தியம் செய்தவராவார், ஆகவே அது வெளியே வராமலிருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. இந்த வாதத்தை அதற்குப் பிறகு பல தடவை பரிசோதித்திருக்கிறேன். அதில் ஒரு ஓட்டையும் இல்லை. நான் பொலிஸ் நிலையத்துக்குப் போய் என் பெயரைச் சொல்லியிருக்கலாம் என்பதைத் தவிர.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளை அவர் பிறகு உங்களுக்கெல்லாம் நகைச்சுவையாகச் சொன்னார்: படத்தில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்க, இவர் மூன்று சுருள்களையும் சிங்களத்தில் நடித்துக் காட்டினாராம். டியூட்டி மாறியதும், பார்க்காதவர்களுக்காக இன்னொரு தடவை நடிக்கச் சொன்னார்களாம். “அலறலை அங்கயும் நான் போடல்ல,” என்று முடிப்பார். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவருக்கு இடது காது கேட்காது. குளிர்காற்று பட்டது என்று சொல்லிவந்தார்.

என்னிடம் தனியாகச் சொன்னது இது: “உம்மட பேரைச் சொல்லல்ல. நீர் யாழ்ப்பாணத்து ஐடென்டிடியோட லொட்ஜில இருக்கிற ஆள். என்னை இங்க நாய்க்கும் தெரியும், விடத்தானே வேணும். நீர் அதைப் பற்றி யோசிக்காதேயும்.”

நான் யோசிக்காமல் இருக்க மிகவும் முயன்றேன்.

அடுத்த மாதக் காட்சியில் மூன்றாவது சுருள் முடிந்ததும் அவர் புரொஜெக்டர் வெளிச்சத்தை அணைக்கவில்லை. வெறும் வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் நின்று, முடிவை வாயால் சொன்னார். அன்றிலிருந்து உங்களில் பலர் படத்துக்கு வரவில்லை, முடிவுக்குத்தான் வந்தீர்கள். அது ஒவ்வொரு தடவையும் மாறியது. நகரத்தில் குண்டு வெடித்த மாதத்தில் மட்டத்தேள் சும்மா திரும்பித் தன் குழிக்குள் போய்விட்டது. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் விஞ்ஞானியும் அதுவும் ஒரு ஹோட்டலில் சந்தித்து, அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் காட்சி உங்களுக்கு மறந்திருக்காது. “அது செத்துப் போச்சு,” என்றார். வெள்ளைத் திரையைத் திரும்பிப் பார்த்தார். “பிறகு காலுகளை எண்ணினாங்க. எண்ணிக்கை சரி வரல்ல.” யாரும் சிரிக்கவில்லை. மண்டபத்து மர வாங்குகளை அடுக்கிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

சுருள் என்னிடம் இருந்திருக்காவிட்டால் இந்த முடிவுகள் ஒன்றும் பிறந்திருக்காது, ஆகவே நான் ஒரு கலைக்குத் தொண்டு செய்திருக்கிறேன் என்று சில வருடங்கள் நம்பிப் பார்த்தேன். நல்ல வாதம்தான். அதை வேறொருவர் எழுதியிருந்தால், என் பத்தியில் ஒரு வாரம் அதைக் கிழித்திருப்பேன்.

அவரோ ஒவ்வொரு வருடமும் அந்த முறைப்பாட்டின் எண்ணைக் குறிப்பிட்டுப் பொலிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்தால் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். அப்படி ஒரு பொருள் தங்கள் பதிவில் இல்லை என்றே எப்போதும் வந்தது. அந்த அதிகாரிகள் என் வாழ்நாளில் நான் கண்ட சில உண்மையான வசனங்களை எழுதியவர்கள். “பதிவிலதானே இல்ல ஐசே,” என்பார் அண்ணன். “சாமான் எங்கயோ இருக்குது. எந்த ராக்கைத் தட்டில எண்டுதான் தெரியல்ல.”

கடைசியாக அவரைப் பார்த்தது களுபோவிலையில், பின்னேரம் ஆட்களைப் பார்க்கவிடும் நேரத்தில். வலது காதுப் பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மெலிந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் ஒரேஞ்சுகளை எண்ணி வைத்திருந்தார்.

“ஐசே, ஒண்டு கேக்க வேணும். சிரிக்கக் கூடாது. உண்மையா அது எப்பிடிச் செத்தது?”

“எது?”

“மட்டத்தேள். எத்தினை முடிவு சொல்லிட்டன். முதல் முடிவு எனக்கு இப்ப ஞாபகத்தில இல்ல. நீர் நாலாவது பாத்தனீர்தானே?”

நான் பார்க்கவில்லை. டப்பா அப்போது என் அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. பஸ்ஸில் போய்வர ஒன்றரை மணித்தியாலம். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். பிரஷர் பார்க்கும் நேர்ஸ் வந்து அவர் கையைச் சுற்றிக் கட்டினார். நேர்ஸ் போகும்வரை காத்திருந்தேன். போன பிறகு நான் சொன்னேன்: “கரண்ட் அண்ணன். தண்டவாளத்துக்குக் கரண்ட் குடுத்தாங்கள்.”

அவர் கண்ணை மூடி அதை யோசித்துப் பார்த்தார்.

“அப்பிடியா,” என்றார். “நல்லது. கெதியா முடிஞ்சிருக்கும்.”

அடக்கத்துக்கு மறுநாள் ஸ்டெலா ஒரு கடித உறையைக் கொண்டுவந்தார். உள்ளே நான் கையெழுத்து வைத்த துண்டு இருந்தது. மடிப்பில் கிழியாமல் அண்ணன் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தார். அடியில், நடுங்கிய கையெழுத்தில்: ‘மிகுதி மூன்று டப்பாவும் இவருக்குக் கொடுக்கவும். நாலாவது பொலிஸிலிருந்து வந்தால் இவர் சேர்த்து வைப்பார்.’

நான் ஸ்டெலாவை இருக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அரிசிப் பீப்பா, துணிப்பை, புத்தகம் என்று சொன்னது, எல்லாம். அவர் அழவில்லை. என் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“அவர் உள்ள இருந்தது மூண்டு நாள் எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுந்தானே அங்கிள்?”

“ஓம்.”

“சரி,” என்றார். “மலருக்கு எழுதுறதெண்டால் அதையும் எழுதுங்க.”

எழுதியிருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியவை: நூலைப் பற்றி அவர் சொன்ன வசனம், என் கையெழுத்துள்ள ஒரு துண்டு, மூன்று டப்பாக்கள். டப்பாக்களைச் சென்ற சனிக்கிழமை ஸ்டெலா ஒரு ஓட்டோவில் அனுப்பிவைத்தார், குறிப்பு எதுவும் இல்லாமல். நாலையும் எடுத்துக்கொண்டு, இப்படியானவற்றைச் சுத்தம் செய்யும் ஒருவரிடம் போனேன். முதல் மூன்றும் நன்றாக இருக்கின்றன, மாதா மாதம் ஓடியதால் காற்றுப் பட்டிருக்கிறது என்றார். நாலாவதின் மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுருள் முழுதும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. பிரிக்க முடியாது என்றார். இறுக மூடி வைத்தால் அப்படித்தான் ஆகுமாம்.

வீட்டுக்கு வந்து டப்பாக்களை அலுமாரியின் கீழ்த் தட்டில் அடுக்கினேன். அதன் உயரத்துக்கு மூன்றுதான் கொள்கிறது. நாலாவதை மேல் தட்டில், சட்டைகளோடு திரும்ப வைத்திருக்கிறேன்.